முகராசியில் இரண்டு குறைவு

அந்தச் சிவப்பு அட்டைப் பெட்டியை என் கணவர் அபுதாபியிலிருந்து கொண்டுவந்தபோது, குழந்தைகள் விளையாடும் தாயம் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தார். வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்களின் சாமான்களைக் கட்டி ஏற்றிவிடுவது அங்கே அவருக்கு வேலை. சொந்த நாட்டுக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூடக் கொண்டுபோக முடியாததை வேலையாட்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு மேஜை விளக்கும், மூடியில்லாத பீங்கான் சாடியும், இந்தப் பெட்டியும் வந்து சேர்ந்தன. எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. "இருக்கட்டும், பின்னால ஒதவும்" என்று அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, லீவு முடிந்து அவர் விமானம் ஏறிவிட்டார்.

எண்பதுகளின் முற்பாதி அது. நான் அரியலூர்ப் பெண். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பாவுக்கு அங்கே ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை. பாஸ் இருந்ததால் தினமும் திருச்சிக்குப் போய்வந்து பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். கல்யாணமாகி வந்த வீட்டில் அந்தப் படிப்புக்கு இருந்த ஒரே உபயோகம், வளைகுடாவிலிருந்து வரும் மருந்து பாட்டில்களின் மேல் எழுதியிருப்பதைத் தெருவுக்கே படித்துச் சொல்வதுதான். படிக்க வேறு ஒன்றும் கிடைக்காத ஒரு மதியத்தில் பெட்டியை இறக்கித் திறந்தேன். இரண்டு மெல்லிய புத்தகங்கள், பல முகங்கள் வைத்த பிளாஸ்டிக் பகடைகள், அவற்றின் எண்கள் தெரியத் தேய்க்க ஒரு மெழுகுக் குச்சி. விளையாட்டுப் பலகை எதுவும் இல்லை. பலகை தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன்.

பாதிப் புத்தகம் தாண்டியதும் புரிந்தது, பலகையே கிடையாது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரத்துக்கு ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பலம், அறிவு, விவேகம், கைவாகு, உடல்திடம் என்று ஐந்தை எழுதிவிட்டேன். ஆறாவது குணத்துக்குத் தமிழ் வரவில்லை. பார்த்தவுடனே எதிராளிக்குப் பிடித்துப்போகிற தன்மை என்று மாமியிடம் விளக்கினேன்.

"முகராசின்னு எழுதேன்" என்றார் மாமி, கீரை ஆய்ந்துகொண்டே.

மாமி என் கணவரின் தாயார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர என் நாத்தனார் இருந்தாள். பத்தாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தவள். அங்கே அண்ணன் மனைவியை மச்சி என்பார்கள். "கதைய நான் சொல்றேன் மச்சி, நீங்க சட்டத்தப் படிச்சுச் சொல்லிட்டே இருங்க" என்று அவளே பொறுப்பு எடுத்துக்கொண்டாள். நான்காவது ஆள், தினமும் எங்கள் வீட்டுக்கு வந்த தையல் அக்கா. பெரம்பலூரில் அரசாங்கப் பயிற்சியில் தையல் கற்றவர். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு மெஷின்களை வைத்துத் தெருப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்; மீதி நேரத்தில் துணி தைத்தார். வெள்ளாற்றங்கரையை ஒட்டிய ஒரு காலனியில் அவர் வீடு. அவருடைய அப்பா அம்மா காலம் வரை பிறத்தியார் வயலில் கூலி வேலை. அவர் கணவர் லாரி ஓட்டினார்.

பகல் தொழுகையான லுஹர் தொழுது, சாப்பாடும் முடிந்தால் சாயங்காலத் தொழுகையான அஸர் வரைக்கும் எங்கள் நேரம். ஆனால் முதல் நாளே மாமி தடுத்துவிட்டார்.

"பகடை உருட்டுறதா? அது ஹராம். இந்த வூட்டுல ஆவாது."

"நாம காசு வெக்கலையேம்மா" என்றாள் நாத்தனார்.

"காசு வெச்சாலும் வெக்காட்டியும் பகடை பகடைதான்."

தையல் அக்கா தன் டப்பாவிலிருந்து இருபது கோட்டுப் பட்டன்களைப் பொறுக்கி எடுத்து, பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து இருபது வரை மையால் எழுதி ஒரு துணிப்பையில் போட்டார். கையை விட்டு ஒன்றை எடுப்பது, எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குவது. மாமி யோசித்துவிட்டு, இது பகடை இல்லை என்று ஒப்புக்கொண்டார். சூனியக்காரர்கள் வரும் பக்கங்களை மட்டும் ஊசி நூல் போட்டுத் தைத்து மூடச் சொன்னார். தைத்தோம்.

பிறவியால் பாத்திரம் எந்த இனம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். புத்தகத்தில் இருந்தவற்றில் நான்கை எடுத்துக்கொண்டோம். மனிதர்களுக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. குள்ளர்களுக்கு உடல்திடத்தில் ஒன்று கூடுதல், முகராசியில் ஒன்று குறைவு. வனத்தாருக்குக் கைவாகில் ஒன்று கூடுதல், உடல்திடத்தில் ஒன்று குறைவு. நான்காவது இனத்துக்குப் பலத்திலும் திடத்திலும் தலா ஒன்று கூடுதல், முகராசியில் இரண்டு குறைவு. படத்தில் அவர்களுக்குச் சப்பை மூக்கும் துருத்திய பல்லும் போட்டிருந்தது. முரடர் என்று தமிழில் எழுதினேன்.

மாமி மனுஷியாக இருந்தார். நான் வனத்தாள். தையல் அக்கா எல்லாவற்றையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பலம் இருக்குறதயே எடுத்துக்கிறேன்" என்று முரடர் இனத்தை எடுத்தார்.

நாத்தனார் நன்றாகக் கதை சொன்னாள். எங்களை மூன்று வியாபாரிகளாக்கி, உப்பு மூட்டையோடு மலையைத் தாண்டச் சொன்னாள். காட்டுப்பன்றி வந்தது, கொள்ளைக்காரர் வந்தார்கள், பாலம் அறுந்தது. என்ன வந்தாலும் தையல் அக்காவின் ஆள்தான் முன்னே போய் முடித்துவைத்தாள். மாமியின் மனுஷி ஓங்கிய கத்தி இறங்குவதற்குள் சண்டையே முடிந்திருக்கும். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமி பட்டன் பையைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கூடுதல் இல்ல. அவளுக்கு மட்டும் ரெண்டு கூடுதல். இது என்ன நியாயம்?"

"அதுக்குத்தான் மாமி முகராசில ரெண்டு கொறச்சிருக்கு" என்றேன்.

"முகராசி இங்க எதுக்கு ஒதவுது? பன்னிக்கு முகம் பாக்கத் தெரியுமா?"

நான் புத்தகத்தைத் திருப்பினேன். மாமி சொன்னதில் தவறு இல்லை. எங்கள் கதையில் முகராசிக்கு வேலையே இல்லை. வேலையில்லாத குணத்தில் எத்தனை குறைத்தாலும் அது குறைவு ஆகாது. கூடுதல் மட்டும்தான் மிஞ்சும். நானும் நாத்தனாரும் அடுப்படியில் நின்று இதைப் பேசினோம். முகராசிக்கும் வேலை கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று முடிவுக்கு வந்தோம். கணக்கு என்ற அளவில் அது சரிதான்.

அடுத்த மதியம் எங்கள் உப்பு வியாபாரிகள் ஒரு கோட்டை ஊருக்கு வந்தார்கள். நாத்தனார் காவல்காரனாகிக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள போலாம். நீ நில்லு. ஒங்க ஆளுங்கள நாங்க விடுறதில்ல."

"ஏன்?" என்றார் தையல் அக்கா.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. பட்டன் எடுங்க, பதிமூணு வேணும்."

பதினான்கு வந்தது. முகராசிக் குறைவு இரண்டு போகப் பன்னிரண்டு. பிறகு நான் காவல்காரனிடம் கெஞ்சி, மூட்டை தூக்குகிற ஆள் என்று சொல்லி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் கடையில் மறுபடியும் பட்டன். அதிலும் தவறியது. "ஒனக்கு வெளியில வெச்சுப் போடுறோம், இலைய நீயே எடுத்துடு" என்றாள் நாத்தனார், கடைக்காரியின் குரலில். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. கதை அந்தப் பக்கம் போனது, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

தையல் அக்கா கையில் இருந்த பட்டனைப் பைக்குள் போட்டார்.

"பாப்பா, இதுக்குக் கதை எதுக்கு? எங்க ஊரு டீக்கடையில எனக்குத் தனி கிளாஸ்தான் வெச்சிருக்கான். அங்க பட்டன்கூட எடுக்க வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார். நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமி மட்டும், "வெளாட்டுல போயி இதெல்லாம்…" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாளும் தையல் அக்கா வந்தார். வகுப்பு எடுத்தார், டீ குடித்தார், எங்களோடு எப்போதும்போல் பேசினார். மதியம் ஆனதும் எங்களுக்கு முதுகைக் காட்டி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து விளையாட முயன்றோம். பலமான ஆள் இல்லாமல் உப்பு மூட்டை அடுத்த பாலத்தைத் தாண்டவே இல்லை. கடைசியில் விளையாடுவதை விட்டுவிட்டு, சட்டத்தை எப்படித் திருத்துவது என்று பேசுவதே எங்கள் விளையாட்டாகிவிட்டது.

முகராசிக்குப் பதில் அறிவில் இரண்டைக் குறைக்கலாம் என்று நான் சொன்னேன்.

"அது இன்னும் மோசம் மச்சி" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் பட்டது.

எல்லா இனத்துக்கும் கூடுதல் குறைவு இரண்டையுமே எடுத்துவிடலாம் என்றாள் அவள். அதை மாமி ஏற்கவில்லை. "அப்ப பேரு மட்டுந்தான் வேறயா? குள்ளனும் மனுசனும் ஒண்ணாவே இருந்தா எதுக்கு நாலு எனம்?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. நான்கு இனம் என்று வைத்ததே, நான்கு பேரும் வேறு வேறு மாதிரி யோசித்து நடக்கத்தான். கூடுதலை மட்டும் வைத்துக்கொண்டு குறைவை எடுத்துவிடலாம் என்றால், பழையபடி மாமி பையைத் தள்ளி வைப்பார். நாங்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தோம்.

பல நாள் கழித்து, மெஷின் சத்தம் நின்றது. தையல் அக்கா திரும்பாமலேயே கேட்டார்.

"அந்தக் காவக்காரனுக்கு எவ்வளவு முகராசி?"

நாத்தனார் திகைத்தாள். "அவனுக்கு எழுதலையேக்கா."

"உள்ள விடமாட்டேன்னது அவன். கொறச்சல் எங்கிட்ட எழுதியிருக்கு. அது எப்படி?"

கேட்டுவிட்டு, அடிநூல் பாபினை மாற்றிக்கொண்டு தைக்கத் தொடங்கினார். நாத்தனார் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு என்னிடம் வந்தாள். ஆட்களிடமிருந்து முகராசிக் குறைவை எடுத்துவிட்டு, ஊர்களுக்கு எழுதலாம் என்றாள். கோட்டை ஊருக்கு நான்காம் இனத்தாரைப் பிடிக்காது. அங்கே அவர்களுக்குப் பெரிய எண் பட்டன் வர வேண்டும். ஆற்றைத் தாண்டினால் அவர்களைக் கொண்டாடுகிற ஊர். குள்ளர்களின் மலை ஊரில் மனிதர்களுக்கு இடம் கிடையாது. வனத்தாரை நம்பாத சந்தை ஒன்று. "ஆளு அதே ஆளுதான் மச்சி. ஊருதான மாறுது? அப்ப அது ஊரோட கணக்கு."

மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று தையல் அக்காவிடமும் அதைச் சொன்னாள். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"முரடர்னு யாரு பேரு வெச்சது?"

"நான்தான்க்கா. தமிழ்ல அப்படி எழுதினேன்" என்றேன்.

"அவங்களுக்குள்ள அவங்க அப்படிச் சொல்லிக்குவாங்களா? ஏரியாருன்னு வையுங்க. ஏரி வெட்டுற ஆளுங்க, அதான் ஒடம்பு அப்படி."

"அப்ப விளையாட வருவீங்களா?"

"பெரியம்மா என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. அவங்கதான நியாயம் கேட்டவங்க."

மாமி உள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். "கொறைய எடுத்துட்டீங்க. சரி. பலத்துல, திடத்துல ஒண்ணொண்ணு கூட இருக்கே, அதுக்கு என்ன பதிலு?"

இங்கேதான் தையல் அக்கா எங்கள் யாரையும்விட எளிதாக இறங்கி வந்தார். "அது கேக்கலாம்மா. பலமா இருக்குறவளுக்குப் பசிக்கும்ல. எனக்கு ரெண்டு ஆளு சோறு, ரெண்டு ஆளு தண்ணின்னு வெச்சுக்குங்க. மூட்டையில எடமும் அதுக்குத் தக்கப் போவட்டும். அது ஒடம்போட கணக்கு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

அப்படியே வைத்தோம். முதல் பயணத்திலேயே ஏரியாள் பாலைவன நடுவில் பட்டினியில் விழுந்தாள். இரண்டு ஆள் சோறு அதிகம் என்று தெரிந்தது. ஒன்றரை ஆள் சோறாக்கினோம். அதுவும் கோடைக் காலத்துக்கு மட்டும் சரியாக இருந்தது. குளிரில் குறைவாகப் பட்டது. நாத்தனார் குளிர்காலம், வெயில்காலம் என்று பிரித்தாள். என் வனத்தாளுக்குத் திடத்தில் ஒன்று குறைந்திருந்ததை, சேற்றில் நடந்தால் சீக்கிரம் களைத்துப்போவாள் என்று மாற்றினோம். மாமியின் மனுஷிக்கு ஒன்றும் இல்லாமல் இருந்ததற்கு, எந்த வேலையைக் கற்றாலும் பாதி நாளில் கற்றுக்கொள்வாள் என்று கொடுத்தோம். மாமி உடனே பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டார். இந்தத் திருத்தங்கள் ஒரு கோடை முழுக்க நடந்தன. இடையில் மாமி இருபதாம் எண் பட்டனை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுகிறார் என்பது தெரியவந்து, அந்தப் பட்டனை மாற்ற வேண்டியிருந்தது.

குள்ளர்களின் மலை ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெருமழை பெய்துகொண்டிருந்தது. கதையில் மழை, எங்கள் முற்றத்தில் நல்ல வெயில். காவல்காரக் குள்ளன் ஏரியாளைக் கும்பிட்டு உள்ளே அழைத்தான். வனத்தாளையும் விட்டான். மாமியை நிறுத்தினான்.

"மனுசங்களுக்கு எடமில்ல" என்றாள் நாத்தனார்.

மாமி பட்டன் எடுத்தார். ஆறு. மறுபடி கேட்டு மறுபடி எடுத்தார். ஒன்பது.

"இது என்னடி இது? நான் என்ன பண்ணேன் அவனை? ஒரு வார்த்த பேசல, சண்ட போடல. மழையில நிக்கச் சொல்றான்."

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. நீங்க மனுசங்க. அதான்" என்றார் தையல் அக்கா.

நாங்கள் சிரித்துவிட்டோம். மாமி சிரிக்கவில்லை. முகம் நிஜமாகவே சிவந்திருந்தது. தையல் அக்கா அதைப் பார்த்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னார். "நான் உள்ள போவல பாப்பா. அம்மாகூட வெளியில நிக்கிறேன். எங்கிட்ட ஒன்றரை ஆளு சோறு இருக்கு, ரெண்டு பேரும் திங்கலாம்."

நாத்தனார் அதை எழுதிக்கொண்டாள். அன்றைக்குக் கதை அதற்கு மேல் போகவில்லை. மாமி டீ போட எழுந்தவர், அடுப்படி நிலைவாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"ஏம்மா, எங்க வூட்டுல ஒனக்கு எப்பவாவது அப்படிப் பட்டிருக்கா? மறைக்காம சொல்லு."

தையல் அக்கா பட்டன் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார். "கிளாஸு, தட்டு அந்த மாதிரி ஒண்ணும் இல்லம்மா. போன பெருநாளைக்கு வரச் சொல்லியிருந்தீங்க. வந்தேன். தூக்குல பிரியாணி போட்டு வாசல்லயே குடுத்து அனுப்பிச்சிட்டீங்க."

"வூடு பூரா ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க. நாங்களே அடுப்படியிலதான் தின்னோம்."

"அடுப்படிக்குக் கூப்பிட்டிருக்கலாமேம்மா."

மாமி சொன்னதும் உண்மை. அன்று எனக்கே உட்காரச் சமையலறையில் ஓர் ஓரம்தான் கிடைத்தது. தையல் அக்கா சொன்னதும் உண்மை. மாமி மேற்கொண்டு வாதாடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. டீ வந்தது, குடித்தோம். அடுத்த பெருநாளுக்கு மாமி ஆளனுப்பிக் கூப்பிட்டார். தையல் அக்காவின் கணவருக்கு அன்று லாரி லோடு இறக்கக் கடலூர் போக வேண்டியிருந்ததால், தையல் அக்காவும் அவரோடு கிளம்பி, அந்தப் பக்கம் இருந்த தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் அவர் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டது வேறொரு சாதாரண வெள்ளிக்கிழமையில்தான்.

என் கணவர் மறுபடி லீவில் வந்தபோது, நாங்கள் நால்வரும் தரையில் உட்கார்ந்து பட்டன் பையைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "இதுல யாரு ஜெயிப்பா?" என்று கேட்டார். யாரும் ஜெயிப்பதில்லை என்றதும், "அப்புறம் எதுக்கு இவ்ளோ சண்ட?" என்றார். மாமி அவரிடம் ஏரியாரின் சோற்றுக் கணக்கை விளக்க ஆரம்பித்தார். அவர் பயணக் களைப்பு என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார்.

அந்த லீவில்தான் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெரம்பலூரில் மாமனோடு சேர்ந்து இரும்புக் கடை வைத்திருந்தார். கதை சொல்கிறவள் போனதும் விளையாட்டும் நின்றது. நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அந்தக் குரல்கள் வரவில்லை. மாமி இரண்டு நாள் கேட்டுவிட்டு, "நீ சட்டமாவே பேசுற" என்று எழுந்துபோனார். புத்தகங்களையும் பட்டன்களையும் நாத்தனாரிடமே கொடுத்துவிட்டோம். அவள் புகுந்த வீட்டில் தன் நாத்தனார்களை வைத்து விளையாடியதாகச் சொன்னாள். அங்கே ஐந்தாவதாக ஓர் இனத்தைச் சேர்த்து, அதற்கு என்ன கொடுப்பது என்ற சண்டையில் ஒருத்தி பேசாமல் இருக்கிறாளாம்.

தையல் அக்கா சில வருஷம் கழித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை எடுத்தார். இரண்டு மெஷின், ஒரு உதவிப் பெண். என் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைக்க அங்கேதான் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மாமியின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டார். அவர் பையன் பாலிடெக்னிக் சேர்ந்திருப்பதைச் சொன்னார். பிறகு டேப்பை எடுத்து மகளுக்குத் தோள், கை, உயரம் எல்லாம் அளந்தார். வளர்கிற உடம்பு, பாவாடைக்கு இடுப்பில் கொக்கி வேண்டாம், நாடா வைக்கிறேன் என்றார். வியாழக்கிழமை வரச் சொன்னார்.